புனே நகரத்தார் கழிமுகத்தில் சட்ட அளவு மீன் பிடித்தல்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மீன்பிடிப்பைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கடலோரத்தில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறார்கள். அதனால் அவர்கள் கவனமெல்லாம் மீனின்மேல் போய்விட்டது. ஆராய்ச்சிக்கு வேண்டிய பற்றற்ற நிலை அவர்களுக்கு வாய்க்கவில்லை. கடல்மட்டத்துக்குமேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரிக்கு இந்தப் பக்கம், உப்புக்காற்றே படாமல் இருக்கும் புனேயே இத்துறைக்கு ஏற்ற ஊர். மீன் இல்லாத இடத்தில்தான் மீனைப் பற்றிய அபிப்பிராயம் தடையின்றி வளரும். ராஸ்தா பேட்டையிலோ கட்கியிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் அரைமணி நேரத்துக்குள் வஞ்சிரத்தின் வீழ்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்துவிடும்.

திணைப் பகுப்பின்படி பார்த்தால் புனே குறிஞ்சியும் முல்லையும் கலந்தது. ஏப்ரல், மே மாதங்களில் பாலை. நெய்தல் நிலம் இங்கே இல்லை. ஆனால் நெய்தலுக்குரிய இரங்கல் மட்டும் பாப்லேட் மீன் விலை கேட்கும்போதெல்லாம் தவறாமல் நிகழ்கிறது. நிலம் இன்றி உரிப்பொருள் மட்டும் தனித்து நிற்பதற்கு இலக்கணிகள் இனிமேல்தான் பெயர் வைக்க வேண்டும்.

2. ஆய்வுக்களம்

முதல் கேள்வி: புனேக்காரருக்குரிய கழிமுகம் எது?

வரைபடத்தைப் பார்த்தால் மேற்கே அரபிக்கடல் நூறு கிலோமீட்டர் தொலைவில்தான். ஆனால் ஊரின் முளா, முட்டா ஆறுகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டும் கூடிக் கிழக்கே போய்ப் பீமாவில் விழுகின்றன. பீமா கிருஷ்ணாவில் விழுகிறது. கிருஷ்ணா ஆந்திரத்தின் ஹம்சலதீவி அருகே வங்கக்கடலில் கலக்கிறது. ஆக, ஆற்றைப் பின்பற்றிப் போகிற நேர்மையான ஆய்வாளர் தூண்டிலோடு தக்காணம் முழுவதையும் கடந்தாக வேண்டும்.

நல்லவேளையாக ஒரு குறுக்குவழி இருக்கிறது. டாட்டா நிறுவனம் முளா ஆற்றில் முள்ஷி அணையைக் கட்டியது. நிலம் மூழ்கும் என்று 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள், அணை வேலை நிற்கவில்லை. மலைக்கு மேலே தேங்கும் அந்த நீர் மேற்கே இறக்கப்பட்டு, 1927 முதல் பீராவில் மின்சாரம் எடுத்துக்கொண்டு குண்டலிகா ஆற்றில் விடப்படுகிறது. கோலாடில் காலைவேளையில் ரப்பர் படகில் குதித்துக் கூச்சலிடுகிறவர்கள் மிதப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான். குண்டலிகா ரேவ்தண்டாவில் அரபிக்கடலைச் சேர்கிறது. எனவே புனே மாவட்டத்து மழைக்கு இரண்டு கடல்களிலும் பாத்தியதை உண்டு. இவ்வாய்வு அருகிலிருக்கும் ரேவ்தண்டாவையே களமாகக் கொள்கிறது.

3. சட்ட அளவு என்பது யாது?

ஓர் இன மீன்கள் எந்த நீளத்தில் முட்டையிடும் பக்குவத்துக்கு வருகின்றன என்பதைக் கணக்கில் கொண்டே குறைந்தபட்ச அளவை வைக்கிறார்கள். ஒரு முறையாவது முட்டையிட்டுவிட்டுச் சட்டிக்கு வரட்டும் என்பதே இதன் தர்மம். இந்தக் கணக்கைப் போட்டுத் தருவது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம். இப்போது கொச்சியில் இருந்தாலும், 1947-இல் பிறந்த அது முன்பு பல ஆண்டுகள் இருந்தது நம் மண்டபத்தில்தான். கேரளம் 2015-இல் முதலில் அறிவித்தது: மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. மகாராஷ்டிரம் 2023-இல் 54 இனங்களுக்கு அறிவித்தது: பாப்லேட் என்கிற வௌவாலுக்கு 13.5 செ.மீ., பொம்பில் என்கிற பம்பாய் வாத்துக்கு 18 செ.மீ.

மீனுக்கு இந்த அறிவிப்பின் நகல் அனுப்பப்படவில்லை. ஆகவே அளவறிந்து கடிக்கும் பொறுப்பை மீனிடம் விட முடியாது. பிடிக்கிறவர்தான் ஏற்க வேண்டும்.

4. காலம்

கழிமுகத்தில் பெரிய மீன் ஓதத்தோடு வரும், ஓதத்தோடு போகும். சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் சொச்சம். மும்பைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டரை நெருங்கும். அடையாறு முகத்துவாரத்தில் பெற்ற அனுபவத்தை நம்பி ரேவ்தண்டாவில் நின்றால், இடுப்பளவு என்று நினைத்தது தலைக்குமேல் போய்விடும்.

ஓதநேரம் அறியக் கொங்கணத்து மீனவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் நீர் நிறையும் மணி. பௌர்ணமி 15, முக்கால் போட்டால் பதினொன்றேகால், அதாவது நண்பகலுக்குச் சற்று முன். சஷ்டி 6, நாலரை மணி. பன்னிரண்டு மணி சொச்சம் கழித்து மறுபடியும் நிறையும். கடிகாரமும் செல்போனும் இல்லாமல், சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு புனேயிலிருந்தே அரபிக்கடலை நிர்வகிக்கலாம்.

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. நீர் நிறைகிற கடைசி இரண்டு மணியும் வடியத் தொடங்குகிற முதல் மணியும் நல்ல நேரம். விடியலும் அந்தியும் பெரிய மீன் இரைதேடும் நேரம். இரண்டும் சேர்ந்து அமைகிற நாள் எது? அஷ்டமிக்கு முக்கால் போட்டால் ஆறு. நவமிக்கு ஆறே முக்கால். அன்று ஓதமும் தணிவாக இருக்கும். நீரோட்டம் இரையை இழுத்துப் போகாது, சேறும் அவ்வளவாகக் கலங்காது. ஆக, நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்று தமிழர் விலக்கி வைத்த அஷ்டமி நவமியே தூண்டில் போட உகந்த நாள். இந்த விலக்கை ஆதியில் பரப்பியவை மீன்களாக இருக்கலாம் என்பது மேலாய்வுக்குரியது.

5. இடமும் கருவியும்

அலையாத்தி வேர்களுக்கிடையே ஆழமில்லாத நீரில் தூண்டில் போட்டால் கடி ஓயாது, எல்லாம் குஞ்சு. அது அவை வளரும் இடம். அங்கேயே காத்திருந்து பெரிய மீனை எதிர்பார்ப்பது, ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று மாப்பிள்ளை தேடுவதைப் போன்றது. தொடர்ந்து குஞ்சு கடித்தால் இடத்தை மாற்ற வேண்டும். நீர் வடியும்போது சிற்றோடை பெரிய கழியில் சேரும் வாய், பாலத்தூணின் நிழல், தரை சட்டென்று ஆழமாகும் விளிம்பு ஆகிய இடங்களில் கொடுவாவும் செப்பிலியும் ஒதுங்கி நிற்கும்.

தூண்டில் முள்ளின் நம்பரில் ஒரு சூட்சுமம் உண்டு. 10-ஆம் நம்பர் சிறியது. 1-ஆம் நம்பர் அதைவிடப் பெரியது. அதற்கும் மேலே 1/0, 2/0 என்று திரும்ப ஏறும். நம்பர் கூடினால் முள் பெரிதென்று நம்பி 10 வாங்குகிறவர் குஞ்சுகளுக்கு அன்னதானம் செய்துவிட்டுத் திரும்புவார். பெரிய முள், பெரிய இரை. வெட்டிய இறால் துண்டைவிட உயிர் இறால் மேல். வட்ட வடிவ முள் என்றால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். அளவு குறைந்ததை ஈரக்கையால் பிடித்துக் கழற்றி உயிரோடு திருப்பிவிடலாம்.

6. ஒரு புறனடை

ராய்கட் மாவட்டத்தார் ஜிதாடா என்று கொண்டாடும் கொடுவா ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகிறது. சில ஆண்டு கழித்துப் பெண்ணாகிறது. பெரிய கொடுவா அநேகமாகத் தாய். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதைக் கருதி 58 செ.மீ.க்குக் கீழும் 120 செ.மீ.க்கு மேலும் கொடுவாவை வைத்துக்கொள்ளத் தடை. எனவே மிகப் பெரிய மீன் மாட்டி நழுவிவிட்டது என்று கதை சொல்பவர்களை இனி நையாண்டி செய்யலாகாது. அவர்கள் சட்டத்தை மதித்தவர்கள்.

7. வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் ஒருவரிடம் வைக்க வேண்டியது மரபு. நகரத்தின் ஒரு மீன் சந்தையில், தையற்காரர் டேப்போடு போய் நின்றோம். ஐஸின்மேல் அடுக்கிய பாப்லேட்டின்மேல் டேப்பை வைத்ததும் கடைக்கார அம்மா கேட்டார்: “அண்ணா, மீன் வாங்க வந்தீங்களா, அதுக்குப் பைஜாமா தைக்க வந்தீங்களா?”

“அளவு பாக்கணும் மாவ்ஷி.”

“அப்படிப் பாத்தா அளவு தப்பு. வயித்து மேட்டுல டேப்பு ஏறி இறங்குது பாருங்க.”

டேப்பைப் பிடுங்கிவிட்டு மீனைப் பலகையில் கிடத்தினார். வாயை மூடி, மூக்கு நுனியைப் பலகை விளிம்பில் ஒட்டி, வாலைச் சேர்த்துப் பிடித்து, மரச்சட்டத்தை நேராக வைத்துக் காட்டினார். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை பதினொன்றரை செ.மீ.; சட்ட அளவுக்கு இரண்டு செ.மீ. குறைவு. டேப்பு வயிற்று மேட்டில் ஏறி அதைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தது.

“இவ்வளவு சின்னதை ஏன் விக்கறீங்க?”

“நீங்கதான கேக்கறீங்க! ஓட்டல்காரங்க ஒரு தட்டுக்கு முழுசா ஒண்ணு நிக்கணும்ங்கறாங்க. பெரிசு கொண்டாந்தா வெட்டணும். வெட்டினா தலை யாருக்கு, நடுத்துண்டு யாருக்குன்னு அரைமணி பேரம். சின்னது வந்த அன்னைக்குப் பத்து மணிக்கே கடை காலி.”

இதற்கு ஆய்வாளரிடம் மறுமொழி இல்லை. தேர்வாளர் ஒரு கிலோ மாந்தேலி என்கிற பொடிமீனை நிறுத்துத் தந்து தேர்வை முடித்துவைத்தார்.

8. முடிவுகள்

முதலாவது, கழிமுக மீன் சிறியதாக அகப்படுவதற்குத் துரதிர்ஷ்டம் காரணமல்ல. தவறான நாள், தவறான இடம், தவறான நம்பர் முள்ளே காரணம்.

இரண்டாவது, ஒற்றைத் தூண்டில்காரர் எவ்வளவு ஒழுக்கமாக இருந்தாலும், நீரோட்டத்துக்கு எதிரே கட்டிய டோல் வலையின் நுனிப்பையில் கண்ணி பொடியாக இருந்தால் குஞ்சும் குட்டியும் சேர்ந்தே வரும். அவை விலைபோகிற வரையில் அந்தக் கண்ணி பெரிதாகாது.

மூன்றாவது, மகாராஷ்டிரத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஏறக்குறைய அதைத் தொட்டுக்கொண்டு ஷ்ராவண விரதம். சட்டமும் பஞ்சாங்கமும் சேர்ந்து மீனுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பாதுகாப்புத் தருகின்றன. மிச்ச ஒன்பது மாதமும் அது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. படகையும் ஏலக்கூடத்தையும் அதிகாரி அளக்கலாம். சஹ்யாத்ரி தாண்டி வந்த மீனைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை.

ஆதலால் புனேக்காரர் சட்ட அளவு மீன் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்ட வழி ஒன்றே. மீன் வாங்கப் போகும்போது பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து 15 செ.மீ. ஸ்கேலை எடுத்துப் போங்கள். பாப்லேட்டுக்கு அது போதும். பொம்பிலுக்குப் போதாது, 30 செ.மீ. ஸ்கேல் வேண்டும். அளவு குறைந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.