கிருமி அடங்கியாச்சு, வலி அடங்கலையே! (கேள்வி-பதில்)

(கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.)

பல வருஷமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போடுகிறேன். ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்கிறார்கள். பிறகு ஏன் இந்த வலி? – வாசகர், சேலம்

முதலில் ஒரு சபாஷ்! கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியே இருந்தால் உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று போகாது. இது உங்கள் உழைப்பில் கிடைத்த வெற்றி.

ஆனால் மாத்திரை அடக்குவது கிருமியை மட்டும்தான். கிருமி ஏற்கெனவே நரம்பைக் கெடுத்திருந்தால் அதை மாத்திரை பழுது பார்க்காது. அக்கி வந்து போன இடத்தில் வலி தங்கிவிடலாம். காசநோய் மருந்தும் பழைய எச்.ஐ.வி. மருந்துகளும் நரம்பில் வேலை காட்டியிருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் ரோமி பார்க்கர் குழு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியிட்டது. ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரில் 54 முதல் 83 சதவீதம் பேருக்கு வலி இருந்திருக்கிறது. நீங்கள் தனி ஆள் இல்லை.

வலி பெண்களுக்கு அதிகமா, ஆண்களுக்கு அதிகமா? – வாசகி, மதுரை

எந்த வலி என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

ஒற்றைத் தலைவலி, மூட்டுவலி, மாதக்கணக்கில் நீளும் உடம்பு வலி எல்லாம் பொதுவாகவே பெண்களிடம் அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் பல ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. வேறு சிலவற்றில் இருபாலருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாத எரிச்சல் கதை வேறு. ஸ்டாவுடின் என்ற பழைய மருந்தால் வந்த நரம்புச் சேதம், வயது கூடியவர்களையும் உயரமானவர்களையும்தான் அதிகம் பிடித்தது. உயரமானவர்களுக்குக் காலுக்குப் போகும் நரம்பும் நீளம், அதன் நுனிதான் முதலில் கெடுகிறது. அந்தக் கணக்கில் நெட்டையான ஆண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பெண்கள் கொஞ்சம் வலித்தாலே பெரிதாகச் சொல்வார்கள் என்கிறார் என் மைத்துனர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – வாசகி, திண்டுக்கல்

தவறு என்கிறேன். 2015-இல் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு அறிவியல் உலகத்தையே நிமிர்ந்து உட்கார வைத்தது. நரம்பு காயம்பட்ட ஆண் எலிகளில் வலியை நீடிக்க வைத்தவை தண்டுவடத்தில் உள்ள மைக்ரோகிளியா செல்கள். பெண் எலிகளிலோ அந்த வேலையை வேறு நோய் எதிர்ப்புச் செல்கள் செய்தன. டி செல்களாக இருக்கலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. எச்.ஐ.வி. குறிவைப்பதும் டி செல்களில் ஒரு வகையைத்தான். எலிக்குச் சரியானதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், வலி உருவாகும் வழியே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறாக இருக்கலாம் என்னும்போது ‘பெரிதாகச் சொல்கிறாள்’ என்று தள்ளிவிட யாருக்கு உரிமை?

இன்னொன்றையும் உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், வலியோடு இருந்த எய்ட்ஸ் நோயாளிகளில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குப் போதுமான வலி மருந்து தரப்படவில்லை. அதிகம் கைவிடப்பட்டவர்கள் யார் தெரியுமா? பெண்கள், படிப்பு குறைந்தவர்கள், போதை ஊசிப் பழக்கத்தால் தொற்று வந்தவர்கள். யார் பேச்சு வீட்டிலும் வெளியிலும் எடுபடாதோ, அவர்களுடைய வலியும் எடுபடவில்லை. எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

இரண்டு பாதமும் ராத்திரியில் தீயாய் எரிகிறது. ஆம்பளை இதையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்வதா என்று கூச்சம். – லாரி ஓட்டுநர், சங்ககிரி

கட்டாயம் சொல்லுங்கள் அண்ணே. உலக அளவில் எச்.ஐ.வி. உள்ள பெண்களில் பத்துக்கு எட்டு பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள். ஆண்களில் ஏழு பேர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதால் ஆண்கள் தாமதமாக வருகிறார்கள், தாமதத்தால் உயிரையும் விடுகிறார்கள்.

போனதும் ‘கால் வலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எரியுதா, மதமதக்குதா, ஊசி குத்துதா, செருப்பு நழுவினால்கூடத் தெரியவில்லையா, போர்வை பட்டாலே தாங்கவில்லையா என்று விவரமாகச் சொல்லுங்கள். டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைப்பார். அதிர்வு எப்போது நிற்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். சீக்கிரமே நின்றுவிட்டதாகத் தோன்றினாலோ, அதிர்வே தெரியாவிட்டாலோ நரம்பு அடிபட்டிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாத, செலவே இல்லாத பரிசோதனை.

2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது கொடுத்த மாத்திரைகளில் ஸ்டாவுடினும் உண்டு. அதைப் படிப்படியாக விடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவுறுத்தியது. அந்தக் காலத்திலிருந்தே நீங்கள் மருந்து சாப்பிடுபவர் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிட்டவரா? அதோடு பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, தந்தார்களா என்று பாருங்கள். சர்க்கரை, குடி இரண்டும் நரம்புக்கு எதிரிகள். ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் போதாதா? – வாசகர், கரூர்

ஆபத்து! இப்போது பெரும்பாலோர் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கிறது. அதோடு டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் அடிபடலாம். பாரசிட்டமால் அளவோடு பரவாயில்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். நரம்பு வலிக்குத் தரும் கார்பமசெபின், அதே கூட்டு மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அப்புறம் கிருமி தலைதூக்கலாம்.

பெண்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஒற்றைத் தலைவலிக்கு வாங்கும் சில மாத்திரைகளில் எர்கோட்டமின் இருக்கும். ரிட்டோனவிர் கலந்த இரண்டாம் கட்ட மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்தக்குழாய் சுருங்கி விரல் கறுத்துப்போகும் அளவுக்கு விபரீதம் ஆகும். முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசிகூட ரிட்டோனவிரோடு சேர்ந்தால் வில்லங்கம்.

அடிவயிறு விடாமல் வலிக்கிறது. ‘உனக்கு அந்த நோய் இருக்கே, அதான்’ என்று மாமியார் முடித்துவிடுகிறார். – வாசகி, நாமக்கல்

தங்கச்சி, இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. பயப்படுத்தச் சொல்லவில்லை, முன்கூட்டியே கண்டால் தடுத்துவிடக்கூடிய நோய் அது. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே, வலி இல்லாவிட்டாலும், 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தப் புற்றுநோயை எய்ட்ஸ் வரையறையில் அமெரிக்கா சேர்த்ததே 1993-இல்தான். அதுவரை ஆண்களின் உடம்பில் தெரிந்தவற்றை வைத்தே பட்டியல் போட்டிருந்தார்கள்.

வலிக்கெல்லாம் மனசுதான் காரணமாமே? – வாசகர், கோவை

மனச்சோர்வு வலியைக் கூட்டும், வலி மனச்சோர்வைக் கூட்டும். அதனால் வலி பொய்யாகிவிடாது. கணவரிடமிருந்து தொற்று வந்து, அவரையும் பறிகொடுத்து, அவர் வீட்டாராலும் ஒதுக்கப்பட்ட பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். கூலி வேலை, பிள்ளைகள், சமையல் எல்லாம் முடித்துப் படுக்கும்போதுதான் அவர்களுக்கு வலிக்கவே நேரம் கிடைக்கிறது. 2017-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், எச்.ஐ.வி. உள்ளவர்களின் நாள்பட்ட வலிக்கு மனநல ஆலோசனை, இயன்முறை சிகிச்சை, யோகா மூன்றையும் சிபாரிசு செய்கிறது. ஏ.ஆர்.டி. மையத்திலேயே ஆலோசகர் இருக்கிறார். சிரமப்பட்டு அவ்வளவு தூரம் போகிறவர்கள் அவரிடமும் பத்து நிமிஷம் பேசிவிட்டு வரலாம்.

எலும்பு டாக்டரிடம் எச்.ஐ.வி. என்று சொன்னால் விரட்டிவிடுவாரோ? ஊருக்கே தெரிந்துவிடுமோ? – வாசகி, விழுப்புரம்

விரட்டக் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பது அதில் பாகுபாடு என்றே சொல்லப்பட்டிருக்கிறது. எங்கே போனாலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மருந்துகள் மோதாமல் இருக்க அது அவசியம்.

அடுத்த தடவை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது, எடை பார்த்து, மாத்திரை எண்ணி, உங்கள் சிகிச்சை விவரம் எழுதும் பச்சைப் புத்தகத்தில் எழுதி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். வலிக்கிறது என்று சொல்லி, அதையும் அந்தப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். யாராவது சிகிச்சை தர மறுத்தால், எங்கே புகார் செய்வது என்று எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-இல் கேளுங்கள். கட்டணம் கிடையாது.