இணையப் பெயர்ச்சி: சேது நாட்டுக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு வீடு தன் இணையச் சேவையை ஒரு நிறுவனத்திடமிருந்து விலக்கிக்கொண்டு மற்றொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் நிகழ்வு இக்கட்டுரையில் ‘இணையப் பெயர்ச்சி’ எனப்படும். இரண்டரை ஆண்டுக்கொருமுறை பெயரும் சனிக்கும், ஆண்டுக்கொருமுறை பெயரும் குருவுக்கும் பன்னிரண்டு ராசிகளுக்கும் தனித்தனியே பலன் எழுதிக் குவித்திருக்கும் தமிழ்ச் சமூகம், ஆறு மாதப் பிளான் தீரும் தறுவாயில் ராமநாதபுரம் முதல் ராமேஸ்வரம் வரையுள்ள கரையோர வீடுகளில் நிகழும் இப்பெயர்ச்சியைப் பொருட்படுத்தாமல் விட்டது வியப்புக்குரியது. சனி பெயர்ந்தால் வீட்டுச் சுவரில் எவரும் துளை போடுவதில்லை.

இதனைக் கைபேசி எண் மாற்றத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. எண்ணை விடாமல் நிறுவனத்தை மட்டும் விடும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. அங்கே பெயர்வது பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே. தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை மணலில் நிற்பவரின் கைபேசி, கேளாமலேயே இலங்கைக் கோபுரத்தின் சிக்னலைப் பற்றிக்கொண்டு நாட்டையே மாற்றிவிடுவதும் உண்டு. வீட்டு இணையம் அவ்வாறு காற்றில் பெயர்வதன்று: அதற்கு ஏணி வேண்டும், டிரில் மிஷின் வேண்டும், ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள வீட்டார் ஒருவரும் வேண்டும்.

பெயர்ச்சியின் கருப்பொருள் ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை. ஒளி ஓடும் அதன் உள்மையம் ஏறத்தாழ 9 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒன்பது பங்கு. அதைச் சூழ்ந்த கண்ணாடி உறையையும் சேர்த்தால் 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஓர் இழையை ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பான் மின்சாரம் ஏதுமின்றி 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்க, ஒவ்வொரு பிரிவிலும் ஒளி பாதியாகி, எஞ்சியது வீட்டுக்கு வந்து சேர்கிறது. அந்த ஒளி கண்ணுக்குப் புலப்படாதது என்பதால், வீட்டார் அறியக்கூடிய ஒரே ஒளி, அது வராதபோது வைஃபை பாக்ஸில் எரியும் சிவப்பு விளக்கு மட்டுமே. சுவர் மூலையில் இழையைச் சட்டென்று மடித்து ஆணி அறைந்தால் ஒளி அந்த மடிப்பில் வெளியே கசிந்துவிடும் என்பது இயற்பியல். மூலையில் மடிக்காவிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பது குடும்பவியல். பெயர்ச்சி நாளில் இவ்விரண்டும் மோதும்போது பெரும்பாலும் வெல்வது பின்னதே.

இங்கே உப்புக் காற்றின் பங்கைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. கண்ணாடி துருப்பிடிப்பதில்லை, ஆனால் கண்ணாடியைத் தாங்கும் கம்பி, கிளாம்ப், திருகாணி, அடாப்டர் முள், ரவுட்டரின் செப்பு முனைகள் ஆகிய யாவும் துருவோ களிம்போ பிடிப்பவை. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தை அரிமானம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படுத்திய பாட்டின் முடிவில் 2025 ஏப்ரலில் அதன் அருகிலேயே புதுப் பாலம் திறக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாய் அடாப்டர் எத்தனை மாதம் தாங்கும் என்பது இதிலிருந்து உய்த்துணரத்தக்கது. ஆகவே ‘புது கம்பெனி நெட்டு பறக்குது’ என்று தெருவில் வழங்கும் பாராட்டில் ஒரு பகுதி கம்பெனிக்குரியதன்று, புது ஜாயிண்டுக்கும் இன்னும் துரு ஏறாத பெட்டிக்கும் உரியது. பழைய நிறுவனமே அவ்விரண்டையும் மாற்றித் தந்திருந்தால் பெயர்ச்சி நேர்ந்தே இராது என்று ஒரு சாரார் கருதுவர். மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதைவிடப் பெயர்ந்துவிடுவது எளிது என்பது மறுசாராரின் வாதம். அனுபவம் மறுசாராரின் பக்கமே நிற்கிறது.

தெருக்கம்பங்களை ஆராய்வோர்க்கு அழகன்குளம் அகழாய்வு நல்ல முன்மாதிரி. வைகை கடல் சேரும் இடத்தருகே தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து தோண்டியபோது ரோமானியக் காசும் பானை ஓடும் அடுக்கடுக்காகக் கிடைத்தது போலவே, கீழக்கரையின் ஒடுங்கிய தெருக் கம்பமொன்றிலும் காலம் அடுக்கடுக்காகத் தொங்குகிறது. அடியடுக்கில் 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் பிறப்பதற்கு முந்தைய தொலைபேசிச் செப்புக் கம்பி. அதற்கடுத்து 1993இல் சன் டிவி வந்தபின் வீடுவீடாகப் பாய்ந்த தடித்த கேபிள். அதன்மேல் மெல்லிய கறுப்பு ஃபைபர்கள், அவற்றுள்ளும் உயிருள்ளவை சில, பெயர்ச்சியில் கைவிடப்பட்டவை பல. இணைப்புத் தருவதற்குக் கட்டணமுண்டு, கழற்றுவதற்குக் கட்டணமில்லை; ஆதலால் கழற்றுவாரும் இல்லை.

உயிருள்ளவற்றுக்கு வேறொரு பகையும் உண்டு. லெவல் 3 என்னும் அமெரிக்க நிறுவனம் 2011இல் தன் கேபிள் சேதங்களில் 17 சதவீதம் அணில் கடியால் நேர்ந்தவை என்று அறிவித்தது. சேது கட்ட மண் சுமந்ததாகச் சொல்லப்படும் இனம் சேதுக் கரையிலேயே இப்படி நடந்துகொள்வதைப் புராணத்தோடு பொருத்திக் காட்டுவது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது.

இனி நடுநாயகமான பாத்திரத்துக்கு வரலாம். 2006இல் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே கடலடியில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போடப்பட்டது. கடலைக் கண்ணிமைக்கும் முன் கடக்கும் ஒளிக்கு, தெருமுனைக் கம்பத்திலிருந்து மாடிப்படிக்கு வரும் நூறு மீட்டரைக் கடக்க ஒருவர் மனம் வைக்க வேண்டும். அவரே கேபிள்காரர். தொலைக்காட்சிக் கேபிள் நடத்தியவர்கள் காலப்போக்கில் ஃபைபர் நிறுவனங்களின் உள்ளூர்க் கூட்டாளிகளானார்கள். பிஎஸ்என்எல்லும் வருவாய்ப் பங்கீட்டு முறையில் இத்தகைய கூட்டாளிகள் வழியாகவே பல இடங்களில் வீடுகளுக்கு ஃபைபர் தருகிறது. புதிய நிறுவனத்தின் தொலைதூர அழைப்பு மையத்தில் இனிய குரலுடைய ஒருவர் விண்ணப்பத்தைப் பதிந்து, பள்ளிவாசலுக்கு இடப்புறமா வலப்புறமா என்று மும்முறை கேட்டுக்கொண்ட பிறகு, வாசலில் ஏணியோடு வந்து நிற்பவர் பழையவரே. “நீங்களேதானா தம்பி?” என்று வீட்டம்மா கேட்க, “ஆமா லாத்தா, இப்ப இதையும் நான்தான் பாக்குறேன்” என்று விடை வருவதை இத்துறையின் அடிப்படைத் தரவாகக் கொள்ளலாம்.

பெயர்ச்சிக்கு உகந்த காலம் பற்றிச் சில வரையறைகள் போதும். வாடைக்காற்றும் மழையும் சேரும் ஐப்பசி, கார்த்திகையில் கம்பத்தில் ஏறுவார் இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் மனிதர் நடக்கவே இடமில்லை, ஏணிக்கு ஏது? விளம்பரத்தில் 499 என்றிருப்பது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 589 ஆகும் என்பதை முன்கூட்டியே வீட்டில் அறிவித்துவிடுவது நலம். புதியது ஒரு வாரமாவது ஓடிக் காட்டும்வரை பழையதைத் துண்டிக்கலாகாது என்பது கட்டாய விதி.

வெற்றியை அளக்க வேகமானி தேவையில்லை. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் கீழக்கரை, தொண்டி வீடுகளில் விடுமுறை நாளன்று துபாயிலிருந்து வரும் வீடியோ அழைப்பே உரைகல். ஐக்கிய அரபு அமீரகம் வாட்ஸ்அப் அழைப்புகளை அனுமதிப்பதில்லை, அங்கே உரிமம் பெற்ற செயலிகளில் மட்டுமே பேசலாம் என்பதால், வாட்ஸ்அப்பில் அழைப்பு போகாத முதல் நாளிலேயே புதிய நிறுவனம் மீது பழி விழுவதும், பழி சுமப்பவர் கேபிள்காரரே என்பதால் அவரே வந்து வேறு செயலியை இறக்கித் தருவதும் வழக்கம்.

எஞ்சுவது பழைய பெட்டி. அது நிறுவனத்தின் சொத்து, முன்பணம் திரும்ப வேண்டுமானால் அதைத் திருப்பித் தர வேண்டும், திருப்பித் தர வேண்டிய இடம் அருகிலுள்ள கூட்டாளியின் அலுவலகம். அங்கே அமர்ந்திருப்பவர் அதை ஏணியோடு வந்த அதே கையால் வாங்கி, துணியால் துடைத்து, பின்புறத் துளையில் குச்சியை அழுத்தி ரீசெட் செய்து, மேசையில் வைக்கிறார். மறுநாள் அடுத்த தெருவில் இதற்கு நேர்மாறான திசையில் பெயரும் வீட்டுக்கு அது புதுப் பெட்டியாகப் போகிறது.