மசாய்மாரா மாமா

முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் பணி ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள். போய் வந்ததற்கு அடையாளமாகப் பூஜை அறையில் ஒரு கங்கைச் சொம்பு இருக்கும். அதைவிடப் பெரிய அடையாளம், அங்கே ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். கல்யாணப் பந்தியில் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டி, “பாகற்காய் வேணாம்ப்பா, காசியில விட்டாச்சு” என்பார்கள். பிடிக்காத காயாகப் பார்த்துத்தான் விடுவார்கள் என்பது வேறு கதை.

இப்போது புதுக்கோட்டைச் சீமையில் காசியை ஆப்பிரிக்கா முந்திக்கொண்டு வருகிறது. மருமகனோ மகனோ நைரோபியில் கணக்கு எழுதப் போயிருப்பார். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அத்தை போவார். அத்தைக்குத் துணை என்று மாமா போவார். போன இடத்தில் மருமகன் மரியாதைக்கு மசாய்மாராவுக்கு ஒரு சஃபாரி கூட்டிப் போவார். காசிக்குப் போனவர் எதையாவது விட்டுவிட்டு வந்தார். இவர் எதையும் விடுவதில்லை. ஒரு தொப்பி, ஒரு பைனாகுலர், ஆயுள் முழுக்கப் பேசப் போதுமான சிங்கங்கள் என்று மூட்டை கட்டிக்கொண்டு திருச்சியில் வந்து இறங்குகிறார். இந்த இனத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மசாய்மாரா மாமா. தேடினால் தாலுகாவுக்கு ஒருவர் தேறுவார். எனக்கு வாய்த்தவர் கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த அத்தையின் கணவர்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் புதுக்குளத்துக் கரையில் நடக்கிற கூட்டத்தில் மண்நிறத்தில், உடம்பெல்லாம் பையாக ஒரு மேல்சட்டை வந்தால் அதுதான் அவர். ஒரு பையில் பி.பி. மாத்திரை, ஒரு பையில் வீட்டுச் சாவி, மற்றவற்றில் காற்று. கார்த்திகை மாதத்தில் மாலை போட்ட ஒரு பையன் கறுப்பு வேட்டியோடு எதிரே வந்தான். மாமா அவனை நிறுத்தி, “சாமி, இந்தக் கலரு ஆபத்து. கறுப்பு, நீலத்துக்கு செட்சி ஈ மொய்க்கும்” என்றார். சாமி சரணம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தது. செட்சி ஈ ஆப்பிரிக்காவை விட்டு இந்தப் பக்கம் வந்ததில்லை என்பதை மாமாவிடம் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

கைக்கடிகாரத்தை அவர் இன்னும் இந்திய நேரத்துக்குத் திருப்பவில்லை. நைரோபி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். காலை ஏழு மணிக்கு “மணி என்ன?” என்று யாராவது கேட்டால், மணிக்கட்டைப் பார்த்து, “அங்க நாலரை. சிங்கம் வேட்டைய முடிக்கிற நேரம்” என்பார். கேட்டவர் பஸ்ஸை விட்டிருப்பார்.

வீட்டுக்குப் போனால் தண்ணீருக்கு முன்பு மஞ்சள் அட்டை வரும். கென்யா போய்த் திரும்புகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை, புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். அட்டை இல்லாமல் வந்தால் இந்திய விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள். மாமா ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் சென்னை போய், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் காலையிலேயே காய்ச்சல் வந்தவர் போலப் போர்த்திக்கொண்டு திரும்பினார். 2016-லிருந்து அந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். “பென்ஷனுக்கே வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்க வேண்டியிருக்கு மாப்ளே. இது அப்படியில்ல, ஆயுசுக்கும்” என்று சொல்லி, ரேஷன் கார்டுக்குமேல் அதைத் திரும்ப வைப்பார்.

மாமாவின் சொற்பொழிவு மேடை புதுக்குளத்துக்குப் பக்கத்து டீக்கடை. பொருள் பெரும்பாலும் ‘பிக் ஃபைவ்’. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை.

“ஒட்டகச்சிவிங்கி இல்லீங்களா? அதுதானே பெருசு?”

“உயரத்தக் கேக்கல தம்பி. தரையில நின்னு சுடுற வேட்டைக்காரனுக்கு எது எமனோ அது அஞ்சுதான் பட்டியல்.”

டீ மாஸ்டருக்கு ஒரு சந்தேகம். “அதுல எருமை எப்படிண்ணே வந்துச்சு? நம்ம ரெண்டு வேளையும் கறக்குறோம்.”

இந்தக் கேள்விக்காகவே மாமா காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டார். அது வீட்டு எருமை இல்லை, கேப் பஃபலோ. எண்ணூறு கிலோ வரை வரும். இதுவரை ஒருவனும் அதைப் பழக்கியதில்லை. அடிபட்டால் ஓடி ஒளிந்து, தேடி வருகிறவனையே திருப்பித் தாக்கும். சொல்லச் சொல்ல அவர் மூக்கே கொஞ்சம் விடைத்தது. அவர் கெட்ட நேரம், கந்தர்வகோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் பெஞ்சில் இருந்தார். மாடு வளர்க்கிறவர். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கிற தச்சங்குறிச்சி அவர்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. 2019 ஜனவரியில் விராலிமலை வாடிவாசலில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு உலக சாதனை ஆனதே, அதில் அவருடையதும் ஒன்று என்பார். அவர் மாமாவைக் குறுக்கிடவே இல்லை. எல்லாம் முடிந்ததும் சட்டையை லேசாகத் தூக்கி, விலாவில் ஓடிய தையல் தழும்பைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

“நீங்க ஜீப்ப விட்டு எறங்குனீகளா?”

“எறங்கக் கூடாது. அங்க சட்டம்.”

“சட்டமா... அப்ப சரி.”

கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ‘அப்ப சரி’யிலிருந்து மாமா எழுந்திருக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. எருமையை விட்டுவிட்டுக் காண்டாமிருகத்துக்கு மாறினார்.

அதே ஜீப்பில் அத்தையும் இருந்தார் என்பதை மாமா அடிக்கடி மறந்துவிடுவார். அத்தையிடம் யாரும் ஆப்பிரிக்காவைப் பற்றிக் கேட்பதில்லை, அவராகவும் சொல்வதில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஒருநாள் கேட்டேன்.

“சிங்கம் பாத்தோம். தூங்கிட்டு இருந்துச்சு. ஒரு மணி நேரம் பாத்தோம், அப்பவும் தூங்குச்சு. இவுகளும் தூங்கிட்டாக. நாந்தேன் ரெண்டையும் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சிங்கத்தின் மேல் தப்பில்லை. ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்கூடப் படுத்துக் கிடக்கிற ஜீவன் அது. சுற்றுலா போகிறவர்கள் மிச்ச நாலு மணி நேரத்தை நம்பித்தான் விமானம் ஏறுகிறார்கள். ஜீப் ஓட்டுநர்கள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். ஒருவர் சிறுத்தை என்று சொன்னால் போதும், நாலு திசையிலும் புழுதி கிளம்பும். ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்குமேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆறாவது வண்டியில் இருந்தவர் மாமா. அவர் முறை வந்தபோது சிறுத்தை மரத்தில் இலைகளுக்குள் போய்விட்டது; வால் மட்டும் தொங்கியது. செல்போனில் அந்தப் படத்தைக் காட்டி, எது கிளை, எது வால் என்று விரல் வைத்து விளக்குவார். ஒவ்வொரு தடவையும் விரல் வேறு கிளையில் இருக்கும்.

ஆற்றைக் கடக்கும் மிருகக் கூட்டம்தான் மசாய்மாராவின் பெரிய காட்சி. வில்டபீஸ்ட் என்கிற, மாட்டுத் தலையும் மான் கால்களும் கொண்ட பிராணி, சுமார் 15 லட்சம், தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மழையையும் புல்லையும் தேடி வடக்கே வரும். ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றை அங்குமிங்கும் தாண்டும். முதலைகளுக்கு அதுதான் தீபாவளி. மாமா சொல்லும் கதையில் தண்ணீர் கொதிக்கும், முதலை பாயும், குட்டி மயிரிழையில் தப்பும். வீடியோவும் உண்டு. அதில் பின்னணியில் ஒரு பெரியவர் மெல்லிய குரலில் இங்கிலீஷில் பேசுவார்.

“யாரு மாமா பேசுறது?”

“நம்ம ஜீப் டிரைவர்.”

ஜீப் டிரைவருக்கு அப்படியே, டி.வி. விலங்குப் படங்களில் பேசும் டேவிட் அட்டன்பரோவின் குரல்.

அத்தை பார்த்தது வேறு. “கரையில வந்து நின்னுச்சுக. ஒண்ணு கால வச்சுச்சு, எடுத்துச்சு. கீழ ராஜ வீதியத் தாண்ட நிக்கிற கெழவி மாதிரி, போவமா வேணாமான்னு மூணு மணி நேரம். அப்பறம் எல்லாம் திரும்பிப் போயிருச்சுக. நல்ல வேளைன்னு நெனச்சுக்கிட்டேன்.” மிருகங்கள் தாண்டாமல் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே சுற்றுலாப் பயணி அன்றைக்கு அத்தையாகத்தான் இருந்திருப்பார்.

சரித்திரத்தையும் மாமா விடுவதில்லை. வெள்ளைக்காரர்கள் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட்டபோது, 1898-ல் சாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு ஆண் சிங்கங்கள் கூடாரத்தில் தூங்கிய கூலியாட்களை மாதக்கணக்கில் இழுத்துப் போய்த் தின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். பாலம் கட்ட வந்த பேட்டர்சன் என்ற அதிகாரி அந்த டிசம்பரில் இரண்டையும் சுட்டுக் கொன்றார். பாடம் பண்ணிய அந்தச் சிங்கங்கள் இப்போது சிகாகோ அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. இதுவரை சரி. “அதுல நம்ம பக்கத்து ஆளும் இருந்திருப்பான் மாப்ளே” என்று மாமா முடிக்கும்போதுதான் இடிக்கும். போனவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள். நம்மவர்கள் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் அல்லவா கப்பல் ஏறினார்கள்? சிங்கத்துக்கு இரையாகவாவது ஒரு புதுக்கோட்டைக்காரர் இருந்திருக்க வேண்டும் என்பது மாமாவின் ஊர்ப்பற்று.

இத்தனைக்கும் சொந்த ஊரைப் பற்றி எடுத்தால் வாய் கோணும். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தத் தாமரைக் குளத்தில், மீன்களோடும் பறவைகளோடும் யானையும் எருமையும் நிற்கின்றன. “உங்க அஞ்சுல ரெண்டு இங்கயே இருக்கே மாமா” என்றேன்.

“அது ஏசியன் பஃபலோ” என்றார்.

விருந்தாளி வந்தால் மட்டும் அவருக்கு உள்ளூர் வேண்டும். இருட்டோடு எழுப்பிக் காரில் ஏற்றி நார்த்தாமலைப் பக்கம் ‘கேம் டிரைவ்’ கூட்டிப் போவார். சமஸ்தானக் காலத்தில் ராஜாக்கள் வேட்டையாடிய வட்டாரம்தான். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. காடு பிற்பாடு எங்கெங்கோ தைலமரத்தோடு சேர்ந்தது. வரிசை பிசகாமல் நிற்கும் அந்தத் தைலமரக் காட்டு ஓரத்தில் மாமா வண்டியை அணைத்து, உதட்டில் விரல் வைப்பார். நானும் ஒருமுறை போயிருக்கிறேன். மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தோம். இரண்டு மயில், ஒரு கீரி, பிறகு ஒரு வெள்ளாட்டு மந்தை. மந்தைக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“யாரத் தேடுறீக? வண்டி ரிப்பேரா? தள்ளணுமா?”

மாமா பைனாகுலரைக் கீழே இறக்கி, ஒருசாண் தூரத்தில் இருந்த அந்த முகத்தைப் பார்த்து, “ஒண்ணுமில்ல, சும்மா” என்றார்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்கா அவரை முழுக்கக் கெடுத்துவிடவில்லை. இத்தனை வருஷம் ஸ்கூட்டரில் அன்னவாசல் ரோட்டில் போய் வந்தவர், ஃபைலைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மாராவில் ஒரு ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ஊதா நெஞ்சும் நீலச் சிறகுமாக இருந்த ஒரு பறவையைக் காட்டியிருக்கிறார். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. வந்து பார்த்தால், அதன் பங்காளி நம் பனங்காடை, அன்னவாசல் ரோட்டு மின்கம்பியில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் அதைக் கண்டால் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிடுகிறார். அது பறக்கும்போது சிறகு விரிகிற நீலத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். இதைப் பற்றி மட்டும் டீக்கடையில் பேசுவதில்லை. கேட்டால், “அது சும்மா, லோக்கல்” என்கிறார்.

அடுத்த திட்டம் ருவாண்டா. மலைக் கொரில்லாக்களைப் பார்க்கக் காட்டுக்குள் நடக்க வேண்டும். ஒரு குழுவுக்கு எட்டுப் பேர்தான். பார்த்துக்கொண்டு நிற்க ஒரே ஒரு மணி நேரம். அதற்கான அனுமதிச் சீட்டு ஆளுக்கு 1,500 டாலர். மருமகனுக்குத் தகவல் போய்விட்டது. அத்தை கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

“ஒரு மணி நேரத்துக்கு லட்ச ரூவாய்க்கு மேலயா? அதுவும் ஆளுக்கா?”

“எல்லாருக்கும் கெடைக்காது. கண்டிசன் ரொம்ப. பதினஞ்சு வயசுக்குக் கீழ விடமாட்டாங்க. சளி, காச்ச இருந்தாலும் விடமாட்டாங்க. நம்ம சளி கொரில்லாவுக்கு ஒட்டிக்கிட்டா அதுக உசுருக்கே ஆபத்து.”

“சளி இருந்தா விடமாட்டாகளா?”

“வாசல்லயே நிறுத்திருவாங்க.”

அத்தை ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரியிலிருந்து மாமாவுக்கு ஃபிரிட்ஜில் வைத்த தயிரில் பிசைந்த சாதமும் வெள்ளரிப் பச்சடியும்தான். மார்கழிப் பனி கொட்டுகிறது. காற்றோட்டத்துக்கு என்று அத்தை தெற்கு ஜன்னலையும் திறந்துவிட்டிருக்கிறார். போன வாரம் போயிருந்தபோது மாமா ருவாண்டாவின் எரிமலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இரண்டு தும்மல் போட்டார். அத்தை கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி தயிர் விட்டார்.