விமானச் சீட்டு இலவசம், வாய் உங்களுடையது

*இணைய ஆளுகைக் கூட்டங்களுக்கு இளைஞர்களைச் செலவு கொடுத்து அழைக்கும் ஃபெல்லோஷிப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்*

இணையத்துக்கு முதலாளி யார்?
*(பாலிடெக்னிக் மாணவர், கரூர்)*

யாருமில்லை. அதனால்தான் இத்தனை கூட்டம் போடுகிறார்கள். இணையப் பெயர்களையும் எண்களையும் ஒழுங்குபடுத்துவது ஐகான் என்ற அமைப்பு. 1998-இல் கலிஃபோர்னியாவில் பதிவானது, லாப நோக்கற்றது. நம்மூர்ப் பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி, இந்தப் பெயர் இன்னாருக்கு என்று எழுதி வைக்கும். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காது. ஐ.நா. கூட்டுகிற இணைய ஆளுகை மன்றம் 2006-இல் ஏதென்ஸில் தொடங்கி ஆண்டுதோறும் கூடுகிறது. அங்கே பேசுவார்கள், கட்டுப்படுத்தும் தீர்மானம் எதுவும் போட மாட்டார்கள். சட்டம் போடுவது அந்தந்த நாட்டு அரசு.

தீர்மானமே போடாத கூட்டத்துக்குப் பிள்ளைகள் எதற்கு விமானம் ஏற வேண்டும்?
*(ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்)*

தீர்மானம் போட்ட கூட்டங்கள் எத்தனையில் உட்கார்ந்திருப்பீர்கள், எத்தனை நிறைவேறின, ஐயா? இந்த மன்றத்தின் லாபம் வேறு. அமைச்சர், கம்பெனி அதிகாரி, பொறியாளர், தன்னார்வலர் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். கேள்வி கேட்க மைக் ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே வரிசை. மற்ற நாட்களில் இவர்களுடைய உதவியாளரின் உதவியாளரைப் பார்க்கவே மனுப் போட வேண்டும்.

எனக்கு 20 வயது. எதற்கு விண்ணப்பிக்கலாம்?
*(பி.காம். மாணவி, ஈரோடு)*

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். ஹாங்காங்கைச் சேர்ந்த டாட்ஏஷியா அமைப்பு நடத்தும் நெட்மிஷன் பயிற்சி ஆசிய-பசிபிக் இளைஞர்களுக்கானது, இணையவழியிலேயே படிக்கலாம். ஐகானின் நெக்ஸ்ட்ஜென் திட்டம் 18 முதல் 30 வயதுவரை உள்ள கல்லூரி மாணவர்களுக்கு. ஐகான் கூட்டம் நடக்கும் வட்டாரத்தில் படிப்பவராக இருக்க வேண்டும். ஐகான் ஃபெல்லோஷிப்புக்கு 21 ஆக வேண்டும், ஆகவே அடுத்த பிறந்தநாள்வரை பொறுங்கள். ஐ.பி. எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஆப்னிக், ஆசிய-பசிபிக் வட்டார இணைய ஆளுகை மன்றம் இரண்டும் தனித்தனியே ஃபெல்லோஷிப் தருகின்றன. இந்தியாவுக்குள்ளேயே 2016 முதல் இணைய ஆளுகைப் பள்ளி நடக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவன். கம்ப்யூட்டர்காரர்கள் நடுவே எனக்கென்ன வேலை?
*(எம்.ஏ. மாணவர், மதுரை)*

உங்களைத்தான் தேடுகிறார்கள். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் இருப்பது தெரியுமா? அப்படித் தமிழில் பெயர் வைப்பதற்கு விதி எழுத வேண்டும். 'ஔ' என்பது ஓர் எழுத்து. 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தை ஒட்டி அடித்தாலும் திரையில் ஏறக்குறைய அதே உருவம்தான். ஒன்றில் வங்கி இருந்தால் மற்றதில் திருடன் கடை திறப்பான். அதனால் இந்த இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தோற்றத்தில் ஒத்துப்போகும் தமிழ், மலையாள எழுத்துகளுக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. கோட் மட்டும் தெரிந்தவர் இதைக் கண்டுபிடிப்பாரா?

விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதினால் எடுப்பார்கள்?
*(சட்ட மாணவி, திருநெல்வேலி)*

'சிறுவயது முதலே எனக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தேர்வுக் குழுவிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், தூக்கம் வரும்.

ஒரே ஊர், ஒரே சிக்கல் போதும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம், தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டித்தார்கள். அப்போதிருந்த 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி அப்படி உத்தரவிடும் அதிகாரம் மாநிலத்தில் உள்துறைச் செயலாளருக்கு இருந்தது. 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நீட்டக் கூடாது என்றது. இப்போது கடைக்காரர், ஆன்லைனில் விண்ணப்பிக்க இருந்த மாணவர், பத்திரிகையாளர் என்று சிலரிடம் போய் அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டு எழுதுங்கள். தீர்ப்புக்குப் பிறகு நடைமுறை மாறியதா என்று தேடுங்கள். 'டிஜிட்டல் யுகத்தின் சவால்கள்' என்ற தலைப்பில் நூறு கட்டுரை வரும். இது உங்களிடமிருந்து மட்டும்தான் வரும்.

என் ஆங்கிலம் தடுக்கி விழும். மைக்கைப் பார்த்தாலே நடுக்கம்.
*(பொறியியல் மாணவர், விழுப்புரம்)*

அங்கே பாதிப் பேச்சு சுருக்கெழுத்துகளில்தான் நடக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களும் விழிப்பார்கள். பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம். நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். கடைசி வரி கேள்வியாக இருக்கட்டும், பதில் சொல்லும் பாரம் அவர்களுக்குப் போய்விடும்.

பெரிய கம்பெனிகளின் காசில் போய்வந்து அவர்களையே விமர்சிக்க முடியுமா?
*(புத்தகக் கடைக்காரர், நாகர்கோவில்)*

நல்ல சந்தேகம், விடாதீர்கள். பல மாநாடுகளுக்கு நன்கொடை தருவோரில் கம்பெனிகளும் உண்டு. ஐகான் கதை கொஞ்சம் வேறு: யார் ஒரு .காம் பெயர் வாங்கினாலும் கட்டணத்தில் சில சென்ட் அங்கே போகிறது. ஆகவே உங்கள் கடைக்கு வலைத்தளம் இருந்தால், விமானச் சீட்டில் உங்கள் பங்கும் இருக்கலாம். எங்கே போனாலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விருந்து கொடுத்தவரிடம் சங்கடமான கேள்வி கேளுங்கள். அடுத்த ஆண்டும் அழைப்பு வந்தால் அது நல்ல இடம்.

எங்கட நாட்டில 2024-இல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்திட்டினம். ஃபெல்லோஷிப் போய் வந்தா அதை மாத்தலாமோ?
*(பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்)*

போய் வந்ததால் மட்டும் மாறாது, தம்பி. பக்கத்து நாட்டுக் கதை இரண்டு சொல்கிறேன். 2015-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இணையச் சமநிலை பற்றிக் கருத்துக் கேட்டது. 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரியில் தளத்துக்குத் தளம் வேறு விலை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃப்ரீ பேசிக்ஸ் சேவையை ஃபேஸ்புக் இந்தியாவில் சுருட்டிக்கொண்டது. அதற்கு முன் ஷ்ரேயா சிங்கால் 21 வயதில் போட்ட வழக்கில், முகநூல் பதிவுக்கெல்லாம் கைது செய்ய வழிவைத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

மின்னஞ்சல் போட்டவர்களில் பெரும்பாலோர் எந்த மாநாட்டுக்கும் போனவர்கள் அல்ல. கருத்துக் கேட்ட நேரத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான். எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதிக்குள், எந்தப் பிரிவைச் சுட்டி எழுதுவது என்று ஃபெல்லோஷிப் கற்றுத் தரும். எழுதுகிற வேலை ஊருக்குத் திரும்பிய பிறகுதான்.

வேறு வேறு மாநாட்டுக்கு மாறி மாறிப் போய் உலகம் சுற்றலாமா?
*(பி.டெக். மாணவர், கோவை)*

சிலர் சுற்றுகிறார்கள். ஐகான் கணக்கு வைத்திருக்கிறது: ஒருவருக்கு மூன்று முறைக்கு மேல் ஃபெல்லோஷிப் கிடையாது. மற்ற இடங்களில் உங்கள் மனசாட்சி எண்ணட்டும்.

'இதில் சம்பளம் உண்டா?' என்று அப்பா கேட்கிறார். என் பெயரைப் போட வேண்டாம், அவர் இந்தப் பகுதியைப் படிப்பார்.
*(காவேரிப்பட்டினம் போஸ்ட் ஆபீஸ் எதிர் வீடு, பி.எஸ்சி. இரண்டாமாண்டு)*

சம்பளம் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஐகானில் விமானச் சீட்டு, தங்கும் அறை, கைச்செலவுக்குப் பணம் தருவார்கள். மற்றபடி பெயரை மறைத்துவிட்டு ஊர், தெரு அடையாளம், படிக்கிற ஆண்டு மூன்றையும் போட்டிருக்கிறீர்கள். தனியுரிமை வகுப்புக்கு நீங்கள் அவசியம் போக வேண்டும் என்று அப்பாவுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.