மகாராணிக்குப் பெயர் உண்டு

கேள்வி: பிரபலங்களின் படங்களைச் சேர்க்கும் பழக்கம் சினிமாவோடு வந்ததா?
– தோட்டத்து வாசகர், சிரம்பான்

பதில்: மலாயாவுக்கு ரப்பர் கன்று வந்த 1877க்கும் அது மூத்தது!

1854இல் பாரிஸின் புகைப்படக்காரர் டிஸ்டேரி, ஒரே கண்ணாடித் தகட்டில் பல படம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் அட்டைப் படம், விலையும் மலிவு. 1860இல் புகைப்படக்காரர் மேயால் எடுத்த விக்டோரியா மகாராணியின் படங்கள் விற்பனைக்கு வந்ததும், இங்கிலாந்தில் ஆல்பம் சேர்ப்பது மோகமானது. அடிமைத்தளை நீங்கிய அமெரிக்கப் பெண்மணி சோஜர்னர் ட்ரூத், தன் அட்டைப் படங்களையும் விற்றுப் பிரசாரச் செலவைச் சமாளித்தார்.

உங்கள் நெகிரி செம்பிலானில் ரப்பர் தோட்டங்கள் பெருகிய 1900களில் அஞ்சலட்டைக் காலம் வந்துவிட்டது. பால்மரம் சீவும் தமிழரும் மலாயா அஞ்சலட்டைகளில் ஏறினர். மகாராணிக்குப் பெயர் இருந்தது. இவர்களுக்கோ பெரும்பாலும் 'தமிழ்க் கூலி' என்ற முத்திரைதான்.

அந்தக் குறையைத் தோட்டத்துக் குடும்பங்களே தீர்க்கலாம்: தாத்தா பாட்டி படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரையும் தோட்டத்தையும் எழுதிவைத்தால் போதும்.