ஹம் ஒழிப்பு இலாகா

மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வங்கியிலோ தொலைபேசித் துறையிலோ உழைத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள். காலையில் நடை, பிறகு பேப்பர், அரசாங்கத்தின் மேல் அளவான கோபம். இந்த மட்டில் நின்றிருந்தால் ஊருக்கு உபத்திரவமில்லாத மனிதர். ஆனால் ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய எல்.பி. ரெக்கார்டுகள் கீழே இறங்கும். அவரும் அன்றோடு போனோக்காரர் ஆகிவிடுவார்.

அந்தக் காலத்துப் பெட்டி பிளேயரில் இருந்தது கிறிஸ்டல் ஊசி. கொஞ்சம் தாராளமாகவே மின்சாரம் கொடுக்கும். வால்யூமைத் திருகினால் பாட்டு வரும், விஷயம் முடிந்தது. இப்போது அவர் வாங்கியிருக்கும் டர்ன்டேபிளில் இருப்பது மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ். அது கொடுப்பது ஐந்து மில்லிவோல்ட். அதை நூறு மடங்காக்கித் தர நடுவில் ‘போனோ’ ப்ரீஆம்ப் ஒன்று வேண்டும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஓட்டல் காபி விலைக்கு விற்கும் 5532 ஐ.சி.யை வைத்து ஒரே சாயங்காலத்தில் நாமே செய்தும் விடலாம். ஐ.சி.யில் இரைச்சல் குறைவு, ஹம் குறைவு என்பதெல்லாம் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். “இருக்கட்டும் சார், அதுல பார்க்க என்ன இருக்கு?” என்பார். பாட்டைக் கேட்பதற்கான கருவியில் பார்ப்பதற்கு ஏன் ஏதாவது இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால், இன்னும் உங்களுக்குப் பக்குவம் வரவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு வேண்டியது வால்வு. அதிலும் ஈ.சி.சி. 83. ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு டிரையோடு, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன நெருப்பு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது. அந்தப் பழைய சரக்கு யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது இருக்கிறது என்று தெரிந்தால், துக்கம் விசாரிக்கப் போன இடமானாலும் மெதுவாகப் பேச்சை அங்கே திருப்பிவிடுவார். கிடைக்காவிட்டால் ரஷ்யாவிலிருந்தோ ஸ்லோவாக்கியாவிலிருந்தோ வரவழைத்தாக வேண்டும். வந்த வால்வை முதலில் பென்சிலால் தட்டிப் பார்ப்பார். ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று கேட்டால் அந்த வால்வு தள்ளுபடி. மகளுக்கு வரன் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு தட்டிப் பார்க்கவில்லை.

இந்த வால்வு வேலை செய்ய 250 வோல்ட் டி.சி. வேண்டும். உள்ளே வருவது ஐந்து மில்லிவோல்ட், அதைக் கவனித்துக்கொள்ள அதைப் போல ஐம்பதாயிரம் மடங்கு. ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்ப ராணுவத்தைக் கூப்பிடுவதற்குச் சமம். இந்த 250 வோல்ட்டுக்காக அவர் ரிச்சி தெருவுக்குப் போவார். மொபைல் கவரும் சி.சி.டி.வி. கேமராவும் தொங்கும் கடைகளைத் தாண்டி, உள்சந்தில் டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுக்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பார்.

“ரெண்டு வேணும்பா. ஒண்ணு இடது சேனலுக்கு, ஒண்ணு வலதுக்கு.”

“ஒண்ணுலயே ரெண்டும் ஓடும் சார்.”

“ஓடும். ஆனா கலந்துடும். இடதுக்குன்னு இருக்கறதை வலது தொடக் கூடாது. தனித்தனியா இருக்கணும்.”

சொந்தத் தம்பியோடு பாகப்பிரிவினை செய்தபோது இப்படி ஒரு கண்டிப்பு அவரிடம் இருந்திருந்தால், இன்று ஊரில் ஒரு கிரவுண்டாவது மிஞ்சியிருக்கும் என்பது அவர் மனைவியின் கட்சி.

அடுத்தது மூன்று எண்கள்: 3180, 318, 75. எல்லாம் மைக்ரோசெகண்ட். ரெக்கார்டு வெட்டும்போது கீழ் ஸ்தாயியைக் குறைத்து வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகலமாக வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். மேல் ஸ்தாயியைத் தூக்கி வெட்டுவார்கள். தேய்ப்புச் சத்தம் அடங்குவதற்காக. கேட்கும்போது இரண்டையும் நேர்மாறாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு தூக்குவது என்று 1954இல் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் நிர்ணயித்ததுதான் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு. அந்த மூன்று எண்களும் அதன் அளவுகள். அதற்கு முன் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு. ஆகவே, தாத்தா காலத்து 78 சுற்று இசைத்தட்டை நீங்கள் ஆசையாக எடுத்துக்கொண்டு போனால், “இதுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. ஒத்துவராது, பாவம்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தத் தட்டில் பாடியவர் பாகவதரே ஆனாலும் சரி.

இந்த வளைவில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கீழ் ஸ்தாயியைத் திருப்பித் தூக்குகிறதல்லவா? நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸில் அங்கேதான் குடியிருக்கிறது. ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கும் பெருக்கத்தைப் போல ஏழு மடங்கு அது எழுப்பும் ‘ங்ங்ங்’ என்ற ஹம்முக்குக் கிடைக்கிறது. போனோக்காரரின் மீதி ஆயுள் இந்த ‘ங்ங்ங்’கோடு கழியும்.

வேலை நடப்பது சாப்பாட்டு மேஜையில். மேலே வால்வு இருக்க, வயிற்றுப் பக்கம் திறந்து கிடக்கும் அலுமினிய சேஸிஸ், சால்டரிங் புகை, கண்டென்சர் வகையறா. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. இவர் வீட்டில் கட்டுவது வேட்டி. பையில்லை. எனவே இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரும் கையுமாக நிற்பார். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக்கூட வாசலிலேயே வாங்கிக்கொள்வார்.

முதல் நாள் சுவிட்ச் போட்டதும் வால்வு எரியும், பாட்டு வரும், பாட்டுக்கு அடியில் ஹம்மும் வரும். அன்று முதல் அந்த வீடு ராணுவ ஆட்சியில். ஃப்ரிட்ஜை நிறுத்து, அது உயிர் பிடிக்கும்போது ‘டப்’ என்கிறது. ஃபேன் ரெகுலேட்டரை அணை. டியூப் லைட் வேண்டாம். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் இருட்டில் குடும்பமே மூச்சடக்கி உட்கார்ந்திருக்க, அவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்திருப்பார். வால்வின் ஹீட்டருக்கு டி.சி. கொடுத்துப் பார்ப்பார். எர்த் ஒயர் எல்லாவற்றையும் ஒரே ஆணிக்குக் கொண்டுவருவார். மறுநாள் பிரித்து வேறு ஆணிக்கு மாற்றுவார்.

“என்னங்க, மிக்ஸி கத்துற கத்துல பக்கத்து வீட்டுல எழுந்துக்கறாங்கன்னு வருஷக்கணக்கா சொல்றேன். அதுக்கும் ஒரு எர்த் போடுங்களேன்” என்பார் மனைவி.

“அது கேட்டுடுதே! எனக்கு வேண்டியது கேட்காத சத்தம்.”

உண்மையில் அவர் தேடுவது அதைத்தான். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ எல்.பி. அவரிடம் இருக்கிறது. அதில் அவர் அதிகம் கேட்ட பகுதி, ஊசி இறங்கியதிலிருந்து முதல் ஸ்வரம் எழுவதற்கு முன்பு வரை. வெறும் பள்ளம். அதை மெய்மறந்து கேட்பார். இசை தொடங்கியதும் முகம் மாறிவிடும், கொஞ்ச நேரத்தில் ஊசியைத் தூக்கிவிடுவார். அந்த வீட்டில் எல்லாப் பாட்டுக்கும் பல்லவிதான் உண்டு. சரணம் கேட்க வேண்டுமானால் மனைவி மொபைலில் கேட்டுக்கொள்வார்.

அவ்வப்போது இதே ஜாதி நண்பர்கள் வருவார்கள். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “பதினெட்டாயிரத்துல லேசா ஒரு சரிவு தெரியுது சார்” என்பார் ஒருவர். “ரெசிஸ்டன்ஸ் ஒரு பர்சென்ட்டுக்குள்ள இருக்கா?” என்பார் மற்றவர். இந்த வயதில் பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸ் காதில் விழுந்தாலே பெரிய பாக்கியம். சமையலறையிலிருந்து மூன்று முறை “காபி ரெடி” என்று வந்த குரலே அங்கே ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

ஒரு கோடை விடுமுறையில் பேத்தி வந்தாள். ஹம் அநேகமாக ஒழிந்து, அவர் வெற்றிக் களிப்பில் இருந்த நேரம்.

“தாத்தா, இதுலேர்ந்து ‘கீ...’ன்னு ஒரு சத்தம் வருது. காது குடையுது.”

“எங்கேடா? ஒண்ணுமே இல்லையே.”

“வருது தாத்தா. இப்பக்கூட.”

நண்பர்களை வரவழைத்தார். நான்கு பேர் குனிந்து கேட்டார்கள். பூரண அமைதி என்று நால்வரும் சாட்சி சொன்னார்கள். பேத்தி காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஹம்மை ஒழிப்பதற்காக ஹீட்டருக்குப் போட்டிருந்த 12 வோல்ட் அடாப்டரைப் பிடுங்கினார்.

“இப்போ?”

“போயிடுச்சு.”

மறுபடி செருகினார். “வந்துடுச்சு.”

ஆயிரக்கணக்கில் கொட்டி ஆஸிலோஸ்கோப் வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒன்று கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து அவளுக்குக் காலையும் மாலையும் டியூட்டி. ஒரு சிட்டிங்குக்கு ஒரு சாக்லேட் என்று பேச்சு. மூன்றாம் நாள் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, காதைக் கொடுக்காமல் கையை நீட்டினாள்.

“இனிமே ரெண்டு சாக்லேட்.”

“ஏன்டா?”

“இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு. ரெண்டும் தனித்தனியா இருக்கணும்னு நீதானே சொன்னே?”

கொள்கை என்று வந்த பிறகு அவர் பேரம் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.