புரூனல் துரையின் டொங்கிள்

ஓட்டையும் வயரும் ஒத்துவராதபோது நடுவே பூட்டுகிற டொங்கிளைக் கண்டுபிடித்தது கலிபோர்னியாக்காரர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு. அதன் மூலஸ்தானங்களில் ஒன்று மேற்கு லண்டனின் சவுத்தால் ஸ்டேஷன். பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தோடு பஞ்சாபியும் எழுதியிருக்குமே, அதேதான். பலகையைப் படம் எடுக்கிறவர்கள் ஒருதரம் குனிந்து தண்டவாளத்தையும் பார்க்கவேண்டும். இன்றைக்கு அதன் அகலம் நாலடி எட்டரை அங்குலம். 1839இல் அந்த ஸ்டேஷன் திறந்தபோது ஏழடி கால் அங்குலம். மிச்சம் இரண்டேகால் அடிக்கு மேல் எங்கே போனது? அதுதான் கதை.

கிரேட் வெஸ்டேர்ன் ரயில்வே கொம்பனி 1833இல் தன் பாதைக்கு எஞ்சினியராகப் பிடித்துப்போட்டது இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்ற 26 வயசுப் பெடியனை. உயரமான தொப்பி, வாயில் சுருட்டு, மற்றவன் செய்ததைத் தான் செய்வதில்லை என்ற வைராக்கியம். அப்போது வடக்கே ஸ்டீவன்சன் குடும்பம் போட்ட பாதைகள் எல்லாம் நாலடி எட்டரை. ஏன் நாலடி எட்டரை? நிலக்கரி வண்டில்கள் ஏறக்குறைய அந்த அகலத்தில் ஓடின, அவ்வளவுதான். வண்டில் ஓடிய அளவில் நான் ஏன் கோச்சி விடவேண்டும் என்பது புரூனலின் நியாயம். குறை சொல்ல ஏலாத நியாயம். அகலப் பாதையில் பெட்டி ஆடாது, வேகமோ அந்தக் காலத்தில் எவரும் காணாத வேகம். ஏறி இருந்தவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இறங்குகிற இடத்தில்.

1844இல் குளொஸ்டர் பட்டணத்தில் புரூனலின் அகலமும் ஸ்டீவன்சனின் ஒடுக்கமும் நேருக்கு நேர் சந்தித்தன. இதில் வந்த பெட்டி அதில் ஏறாது. பிரிஸ்டலில் இருந்து பேர்மிங்ஹாம் போகிற அத்தனை மூட்டையும், மாடும், கட்டிலும், கண்ணாடிச் சாமானும் ஒரு கோச்சியில் இருந்து இறங்கி, பிளாட்போமைக் கடந்து, மற்றக் கோச்சியில் ஏறவேண்டும். தானாக ஏறுமா? கூலியாட்கள் ஏற்றினார்கள். உடைந்தது உடைந்தது, தொலைந்தது தொலைந்தது. பாராளுமன்றத்தில் இருந்து விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அங்கிருந்த சரக்கு அதிகாரி ஒரு வேலை பார்த்தார். ஏற்கெனவே மாற்றி முடித்த இரண்டு கோச்சிச் சரக்கையும் திரும்ப அவிழ்க்கச் சொன்னார். கனவான்கள் வந்து பார்த்தபோது ஒரே கூச்சல், ஒரே தூசி, ஒரே அமளி. உலகத்தின் முதல் டொங்கிள் சம்பளத்துக்கு வேலை செய்தது. மேலதிகாரி சொன்னால் நடிக்கவும் செய்தது.

எந்த அகலம் நல்லது என்று பார்க்க ஆணைக்குழுவும் வைத்தார்கள். ஆணைக்குழு இரண்டு பக்கத்தையும் ஓடவிட்டுப் பார்த்தது. புரூனலின் பக்கத்தில் இக்ஸியன் என்ற எஞ்சின் பேடிங்டனுக்கும் டிட்கொட்டுக்கும் இடையே, அதாவது நம் சவுத்தால் ஊடாகத்தான், மணிக்கு 60 மைலை எட்டிப் பிடித்தது. மற்றப் பக்கத்து எஞ்சின் ஒன்று தண்டவாளத்தை விட்டுக் கவிழ்ந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நாட்டில் அப்போது ஒடுக்கப் பாதை 1,901 மைல், அகலப் பாதை 274 மைல். 1846இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அதன் சாரம் இவ்வளவுதான்: உம்முடையது நல்லது, ஆனால் அவர்களுடையது நிறைய இருக்கிறது. அன்று தொடங்கி இன்றுவரை ஓட்டைகளுக்கும் வயர்களுக்கும் இடையில் நடந்த எல்லா வழக்குக்கும் இதே தீர்ப்புத்தான்.

கிரேட் வெஸ்டேர்ன்காரர் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு இரண்டு வகைக் கோச்சியும் ஓடச் செய்தார்கள். 1861இல் அது சவுத்தாலைத் தாண்டிப் பேடிங்டன் வரை வந்தது. பாதைக்கே டொங்கிள் பூட்டிய சாதனை அது. கடைசியில் 1892 மே மாதம் ஒரு சனி ஞாயிறில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளை மேற்கே இறக்கி, மிஞ்சியிருந்த அகலப் பாதையையும் இழுத்து ஒடுக்கிவிட்டார்கள். அகலத்தைக் கீறினது ஒரு துரை. சுருக்கினது நாலாயிரம் பேரின் முதுகு.

புரூனலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் பாவம். அவருடைய கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று சவுத்தாலில்தான் இருக்கிறது, வின்ட்மில் லேன் மூன்று பாலம். 1859இல் முடிந்தது. மேலே தெரு, நடுவே இரும்புத் தொட்டியில் ஓடும் கால்வாய், அடியில் பிரென்ட்ஃபோர்ட் துறைக்குப் போகும் தண்டவாளம். வண்டில், வள்ளம், கோச்சி மூன்றும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று தொடாமல். ஊரோடு ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்த அதே மனுசன் லண்டனிலேயே அருமையான ஹப் ஒன்றைக் கட்டிவிட்டு அந்த வருசம் செப்டெம்பரில் கண்ணை மூடினார்.

அடுத்த அத்தியாயம் பிளக். வெள்ளைக்காரன் தன் சாம்ராஜ்யத்தின் பல நாடுகளில் உருண்டைக் கால் பிளக்கைப் பரப்பினான். பம்பாயிலும் அது, கொழும்பிலும் அது. பிறகு 1947 ஜூனில், இந்தியாவை விட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டே, வீட்டில் சதுரக் கால் பிளக்கைத் தரமாக்கினான். 13 அம்பியர், உள்ளே பியூஸ், பிஎஸ் 1363. குடியேற்ற நாட்டுக்குச் சுதந்திரம், தாய்நாட்டுக்குப் புதுப் பிளக். அதனால்தான் சென்னையில் வாங்கிய மிக்ஸி, கரண்டும் வோல்டேஜும் ஒத்துப்போயும், சவுத்தால் அடுப்படிச் சுவரைப் பார்த்து முழிக்கிறது. பின்னாளில் இலங்கையும் சதுரக் காலுக்கு மாறிவிட்டது. இந்தியா இன்னும் உருண்டைதான்.

இங்கே பிரிட்டனில் இன்னொரு கூத்து நடந்தது, இளசுகளுக்குத் தெரியாது. வீடுகளில் பழைய உருண்டையும் புதுச் சதுரமும் கலந்து கிடந்ததால், ரீவி வாங்கினாலும் கேத்தில் வாங்கினாலும் வயரின் நுனி மொட்டையாகத்தான் வரும். பிளக்கைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்க்ரூவைக் கழற்றி, பிறவுண் வயர் வலப்பக்கம், நீலம் இடப்பக்கம், பச்சை மஞ்சள் மேலே என்று பூட்டவேண்டும். பூட்டத் தெரிந்த மாமா அந்தத் தெருவுக்கே எஞ்சினியர். 1994இல் சட்டம் வந்த பிறகுதான் சாமானோடு பிளக்கும் சேர்ந்து வந்தது. அரைநூற்றாண்டாக ஒரு தேசமே நுனி இல்லாத வயரை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட சனத்திடம் ஒற்றை ஓட்டை லப்டொப்பை விற்பது கஷ்டமா?

விற்றார்கள். 2008 ஜனவரி 15, சான் பிரான்சிஸ்கோ. மேடையில் அப்பிள் கொம்பனியின் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு காகித உறையைத் தூக்கிக் காட்டி, உள்ளே இருந்து லப்டொப்பை உருவினார். சபை வாயைப் பிளந்தது. உறைக்குள் லப்டொப் வந்தது. டிவிடி வரவில்லை, நெட்வேர்க் வயர் குத்தும் ஓட்டை வரவில்லை, பற்றறியைக் கழற்ற வழி வரவில்லை. யூஎஸ்பி ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் வேறு உறைகளில், வேறு விலைகளில் வந்தன.

ஓட்டையை ஏன் அடைத்தார்கள் என்பதில் மர்மம் இல்லை. நெட்வேர்க் வயரின் ஓட்டை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் உயரம். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த வீஜீஏ, இரண்டு பக்கமும் ஸ்க்ரூவோடு, அதைவிடப் பெருத்த உடம்பு. இவற்றை வைத்தால் லப்டொப்பின் விளிம்பு மெலியாது. 2015இல் அப்பிள் இன்னும் துணிந்தது. 13.1 மில்லிமீற்றர் தடிப்பு, 920 கிராம், ஹெட்போனுக்கு ஒன்றை விட்டால் ஓட்டை ஒன்றுதான். சார்ஜ் ஏற்றினால் பென் டிரைவ் குத்த ஏலாது, பென் குத்தினால் சார்ஜ் ஏற்ற ஏலாது. இரண்டும் வேண்டுமா, 79 டொலரை வை. கீபோர்ட்டையும் தட்டையாக்கினார்கள், ஒரு தூசி விழுந்தாலே எழுத்து அடம்பிடித்தது. 2018இல் இலவசமாகத் திருத்திக் கொடுத்தார்கள், 2022இல் வழக்கைத் தீர்க்க ஐந்து கோடி டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். 2016இல் வந்த பெரிய லப்டொப்பில் ஹெட்போனுக்கானதை விட்டால் நாலு ஓட்டை, நாலும் யூஎஸ்பி சீ. அதே கொம்பனி ஒரு மாதத்துக்கு முன் விற்ற அதன் சொந்தப் போனை, பெட்டிக்குள் வந்த வயரால் அதில் கொழுவ முடியவில்லை. குளொஸ்டரில் சண்டை போட்டது இரண்டு கொம்பனி. இங்கே ஒரே கொம்பனி தனக்குத்தானே குளொஸ்டர்.

யூஎஸ்பி சீ என்ற சாமானைக் குறை சொல்லக்கூடாது. 1996இல் வந்த பழைய யூஎஸ்பியைச் செய்த இன்டெல் குழுவின் தலைமை வடோதராவில் பிறந்த அஜய் பட். எந்தப் பக்கம் குத்துவது என்று ஏன் தெரியவில்லை என்று உலகமே அவரைத் திட்டியது. இரண்டு பக்கமும் குத்துகிற மாதிரிச் செய்திருந்தால் வயரும் செலவும் இரட்டித்திருக்கும் என்று பிறகு விளக்கம் சொன்னார். 2014இல் வந்த சீ அந்தக் குறையைத் தீர்த்தது. எப்படிக் குத்தினாலும் போகும். கரண்ட், படம், டேட்டா எல்லாம் ஒரே வழியில். ஆனால் அதன் வயர்கள் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி, முகச்சாயல் எல்லாருக்கும் ஒன்று, கை கொடுக்கிறவர் சிலர். ஒரு வயர் 60 வோட்டோடு நின்றுவிடும், இன்னொன்று 240 வரை போகும். ஒன்று மலைபோல் டேட்டா கொண்டுவரும், மற்றது சார்ஜ் மட்டும் ஏற்றிவிட்டுச் சும்மா கிடக்கும். முந்தி ஓட்டையைப் பார்த்தே அது எதற்கு என்று தெரியும். இப்போது விளக்கக் குறிப்பை வாசிக்கவேண்டும். அதை எறிந்துவிட்டுத்தானே பெட்டியைத் திறக்கிறோம்.

இந்த ஓட்டைக் குழப்பத்தின் முழுப் பயனையும் காண சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்குப் போகவேண்டும். சவுத்தால் பக்கம் ஏதாவது ஒரு வாடகை மண்டபம். குத்துவிளக்கு ஏற்றியாயிற்று, தமிழ்மொழி வாழ்த்து முடிந்தது. பத்துச் சின்னப் பிள்ளைகள் மயில் உடுப்போடு மேடையில் நிற்கின்றன. பாட்டோ நடன ஆசிரியையின் பென்னில் இருக்கிறது.

"தம்பி, இந்தப் பென்னை எங்கை குத்திறது?"

"அண்ணை, இதிலை அந்த ஓட்டை இல்லை. அதுக்கு ஒரு சாமான் வேணும்."

"அந்தச் சாமான் எங்கை?"

"வீட்டிலை."

"பேந்தென்னத்துக்கு இதைக் கொண்டுவந்தனீர்?"

"பாரமில்லை, அண்ணை."

மைக்கில் அறிவிப்பு வருகிறது: யாரிடமாவது யூஎஸ்பி சீ அடப்டர் இருந்தால் தயவுசெய்து மேடைக்கு வரவும். மயில்கள் சொறியத் தொடங்குகின்றன. கடைசி வரிசையில் இருந்து ஓர் அங்கிள் எழும்புகிறார். கையில் கறுத்த, தடித்த, பதினைந்து வருசப் பழைய லப்டொப். ஓரத்தில் யூஎஸ்பி மூன்று, வீஜீஏ, நெட்வேர்க் ஓட்டை, டிவிடித் தட்டு, அவருக்கே காரணம் தெரியாத இன்னும் இரண்டு துவாரம். பென் போகிறது, புரொஜெக்டர் வயர் போகிறது, பாட்டு வருகிறது. காற்றாடி போடுகிற சத்தத்தில் பல்லவி மட்டும் கேட்கவில்லை. பற்றறி பத்து நிமிசம் தாங்காது என்பதால் அங்கிள் சுவரோரமாக வயரைப் பிடித்தபடி முழு நடனத்துக்கும் குந்தியிருக்கிறார். ஓட்டை நிறைய இருந்தாலும் ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருக்கவேண்டும் போல.

ஆகவே பழைய தடியனே பொற்காலம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. எலிசபெத் லைன் கோச்சியில் விடிய ஏழரைக்கு நின்றுகொண்டே போகிறவரின் தோளைக் கேட்டால், ஒரு கிலோ குறைவது என்ன என்று அது சொல்லும். வாசிக்க, எழுத, படம் பார்க்க என்றால் ஒற்றை ஓட்டையே போதும். புரூனலின் கோச்சியும் அப்படித்தான், பேடிங்டனில் ஏறி பிரிஸ்டலில் இறங்குகிறவருக்குச் சொர்க்கம். யார் யாரோடெல்லாம் கொழுவவேண்டி வருகிறதோ, அவர்களுக்குத்தான் குளொஸ்டர்.

அப்பிளுக்கும் அது விளங்கியது. 2021 ஒக்டோபரில் பெரிய லப்டொப்புக்கு எச்டிஎம்ஐ, கமரா கார்ட் ஓட்டை, காந்தச் சார்ஜர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். தாங்களே களவெடுத்ததைத் தாங்களே பரிசாகக் கொடுத்து, அதற்கும் கைதட்டு வாங்கினார்கள். ஜொப்ஸ் போய்ச் சேர்ந்து பத்து வருசம். புரூனல் போய் முப்பத்துமூன்று வருசத்துக்குப் பிறகுதான் அவருடைய கடைசி ஏழடிப் பாதையைக் கிளப்பினார்கள். மேதைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, திருத்த வேலைக்கு அவர்கள் நிற்பதில்லை.

நாம் நிற்கிறோம். லப்டொப்பின் உடம்பில் குறைந்த பாரம் உலகத்தை விட்டுப் போகவில்லை. வயராகவும் ஹப்பாகவும் நம் பைக்கு வந்திருக்கிறது, ஒரு காலத்தில் குளொஸ்டர் கூலியின் தலைக்கு வந்த மாதிரி. அடுத்தமுறை சவுத்தால் புரோட்வே கடையில் தம்பி ஒரு லப்டொப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, தொள்ளாயிரத்து இருபது கிராம்தான் அக்கா என்று சொன்னால், விலையைக் கேட்கமுன் இதைக் கேளுங்கள்: "மிச்சத்தை ஆர் தம்பி தூக்கிறது?"